ரூபிளும் ரூபாயும் – ஒரு திருத்தக் குறிப்பு

முன்னுரை:

நான் பொறியியல் படித்தவன், பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். சொல்லாய்வு எனக்கு ராத்திரி நேரத்து வேலை. அப்படி ஒரு ராத்திரி, பல வருடங்களுக்கு முன்பு, ரஷ்ய நாணயமான ரூபிளும் நம்ம ரூபாயும் ஒரே வேரில் பிறந்தவை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். ரூபம் என்றால் உருவம், உருவம் பொறித்த வெள்ளி ரூபாய், அது வணிகர்களோடு வடக்கே போய் ரூபிள் ஆனது, அவ்வளவுதான் வாதம். நண்பர்கள் பாராட்டினார்கள். அது வாட்ஸ்அப்பில் ஏறி, என் பெயர் உதிர்ந்து, 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்போடு ஊர் சுற்றியது.

போன மாதம் என் அக்கா மகள் போன் பண்ணினாள். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். நடுவராக வந்த பேராசிரியர், "நல்லா இருக்கும்மா, ஆதாரம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பதில் தெரியவில்லை. "மாமா, அது நீங்க எழுதுனதுதானே, ஆதாரம் அனுப்புங்க" என்றாள்.

தேடிப் பார்த்தேன். என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டு சொற்களும் காதுக்கு ஒரே மாதிரி கேட்டன, அதை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன். அவள் மேடையில் முழித்தது என்னால்தான். அதனால் இந்த முறை முழுசாகத் தோண்டிவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூபிள் – பொருள் என்ன?

ரஷ்ய மொழியில் 'ருபீத்' என்றால் வெட்டுதல், கோடரியால் பிளத்தல். மரம் வெட்டுவதற்கும் விறகு பிளப்பதற்கும் இதே வினைதான். இந்த வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் 'ருபில்', நாம் ரூபிள் என்று எழுதுவது. மொழியியலாளர்களிடம் இதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. வெட்டப்பட்டது எது என்பதில்தான் சண்டை. அதைப் பிறகு பார்ப்போம்.

இதே வேரில் ரஷ்ய மொழியில் ஒரு குடும்பமே இருக்கிறது. 'ருபேத்ஸ்' என்றால் வெட்டுத் தழும்பு. 'ருபாஹா' என்றால் சட்டை, முதலில் வெட்டிய துணித் துண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தமிழனுக்கு இது புரியாத விஷயமே இல்லை. துணித்தல் என்றால் வெட்டுதல், வெட்டியது துணி. தோளில் போடுவதும் துண்டு, உடைத்துத் தின்னும் வெல்லக்கட்டியும் துண்டு. ரஷ்யர்கள் வெள்ளியைத் 'துண்டு' என்று கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளிக்கட்டிக் காலம்:

12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை ரஷ்ய நிலப்பகுதியில் நாணயம் அடிக்கவே இல்லை என்று சொல்லலாம். வரலாற்றாசிரியர்கள் இதை 'நாணயமற்ற காலம்' என்கிறார்கள். பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு வெள்ளிக் கட்டிகள்தான். அதில் புகழ்பெற்றது நோவ்கோரத் நகரத்துக் கட்டி. நீளமான குச்சி வடிவம், எடை சுமார் 200 கிராம். இதன் பெயர் 'கிரிவ்னா'. (இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கடைசியில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது.)

14ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் பயணம் செய்த இபின் பதூதா, ரஷ்யர்களின் நாட்டிலிருந்து 'சௌம்' என்ற வெள்ளிக் கட்டிகள் வருகின்றன, அவற்றை வைத்துத்தான் இங்கே வாங்குவதும் விற்பதும் நடக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் கிர்கிஸ்தானின் பணம் சோம், உஸ்பெகிஸ்தானின் பணம் சும்.

ரூபிள் என்ற சொல் நமக்கு முதலில் கிடைப்பதும் நோவ்கோரதில்தான். அங்கே மக்கள் பிர்ச் மரப்பட்டையில் எழுத்தாணியால் கீறிக் கடிதம் எழுதினார்கள். நம்ம பனையோலை மாதிரியே, மை கிடையாது, கீறல்தான். 1951ல் அகழாய்வில் முதல் பட்டை கிடைத்தது, இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கடன் பாக்கி, வாங்க வேண்டிய சாமான், வீட்டுச் சண்டை, இப்படி அன்றாட விஷயங்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த பட்டையிலேயே 'ரூபிள்' வந்துவிடுகிறது.

எதை வெட்டினார்கள்?

1. கட்டியை வெட்டிய துண்டு: கிரிவ்னாவைக் கோடரியால் வெட்டிய துண்டே ரூபிள் என்பது பழைய விளக்கம். பள்ளிப் புத்தகங்களில் வருவது இதுதான். ஆனால் ஒரு சிக்கல். நோவ்கோரதில் ஒரு முழுக் கட்டிதான் ஒரு ரூபிள். பாதிக் கட்டிக்குத் தனிப் பெயர் இருந்தது, 'பல்தீனா'. 'பல்' என்றால் பாதி, 'தீனா' பகுதி வெட்டுதலைக் குறிக்கும் இன்னொரு பழைய வேர். பாதியை வெட்டியது பல்தீனா என்றால், வெட்டாத முழுசுக்கு ஏன் வெட்டுப்பெயர்?

2. விளிம்புத் தழும்பு: 'ரூப்' என்றால் ஓரம், தையல் என்றும் பொருள் உண்டு. ஒரே கட்டியை இரண்டு தடவை வெள்ளி ஊற்றி வார்த்திருக்கிறார்கள். இரண்டாவது ஊற்றல் முதலாவதின் மேல் படிந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு விழும். அப்படிப்பட்ட கட்டிகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தழும்பு உள்ள கட்டி ரூபிள் என்பது இரண்டாவது விளக்கம்.

3. கீறல் குறி: கட்டியின் மேல் எடையையோ கணக்கையோ காட்ட இட்ட வெட்டுக்குறியால் பெயர் வந்தது என்பது மூன்றாவது. இதற்குப் பக்கத்து வீட்டுச் சாட்சி உண்டு. உக்ரைன் மொழியில் ரூபிளுக்குக் 'கர்போவனெத்ஸ்' என்று பெயர். 'கர்ப்' என்றால் கீறல், வெட்டுக்குறி. 1961ல் வெளியான சோவியத் ரூபாய்த் தாள்களில் (பாருங்கள், பழக்க தோஷம், ரூபிள் தாள்களில்) 15 குடியரசுகளின் மொழிகளிலும் மதிப்பு அச்சாகியிருக்கும். அதில் உக்ரைன் வரியில் இந்தக் கர்போவனெத்ஸ்தான் இருக்கும்.

எனக்கு முதலாவதைவிட மற்ற இரண்டும் வலுவாகத் தெரிகின்றன. ஆனால் மூன்றில் எதை எடுத்தாலும் வேர் ஒன்றுதான்: வெட்டு.

என் பழைய வாதம் எங்கே உடைகிறது?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிழையைச் சரி செய்தால் மட்டும் போதாது, அது ஏன் வந்தது என்றும் எழுதி வைக்க வேண்டும். அதையே இங்கே செய்கிறேன்.

முதல் தவறு, காலம். உருவம் பொறித்தது என்ற பொருளில் 'ரூப்ய' என்ற சொல் பாணினி காலத்திலேயே உண்டு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயராக 'ரூபையா' நிலைபெற்றது ஷெர்ஷா சூரியின் ஆட்சியில், அதாவது 1540க்கும் 1545க்கும் இடையில். அவர் அடித்த வெள்ளி நாணயத்தின் எடை சுமார் 11.5 கிராம். ரூபிளோ அதற்கு இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மரப்பட்டையில் இருக்கிறது. மகன் பிறந்த பிறகு அப்பா பிறந்த கதை இது.

இரண்டாவது தவறு, கடைசி 'ல்'. அது ஏதோ பின்னால் ஒட்டிய ஓசை என்று அப்போது எழுதினேன். உண்மையில் அது ரஷ்ய மொழியின் கறாரான விதி. ப, ம, வ போன்ற உதட்டெழுத்துக்குப் பின்னால் பழைய ஸ்லாவிய மொழியில் யகரம் வந்தால், ரஷ்யத்தில் அங்கே ஒரு 'ல்' தோன்றும். 'லியுபீத்' என்றால் நேசித்தல், 'லியுப்லியூ' என்றால் நேசிக்கிறேன். 'ருபீத்' என்றால் வெட்டுதல், 'ருப்லியூ' என்றால் வெட்டுகிறேன். மண்ணுக்குப் போலந்து மொழியில் 'ஜெம்யா', ரஷ்யத்தில் 'ஜெம்லியா'. ரூபிளின் 'ல்' இந்த விதி போட்ட 'ல்'. ரூபாயிலிருந்து வந்திருந்தால் இது வர வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது தவறுதான் மொத்தமாகக் கவிழ்த்தது. ரஷ்ய 'ருப்' என்பதில் உள்ள உகரம் முதலில் வெறும் உகரம் இல்லை, மூக்கொலி கலந்த உயிர். ரஷ்யம் அந்த மூக்கொலியைத் தொலைத்துவிட்டது, போலந்து மொழி தொலைக்கவில்லை. அங்கே வெட்டுவதற்கு 'ரோம்பாச்'. லிதுவேனிய மொழியில் தழும்புக்கு, வெட்டுக்குறிக்கு 'ரும்பஸ்'. ஆக, பழைய வேர் 'ரோம்ப்' மாதிரி இருந்திருக்க வேண்டும். ரூபத்தில் எங்கே 'ம்' இருக்கிறது? பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் நெருங்க வேண்டும், அப்போதுதான் உறவு. இவை விலகிப் போகின்றன.

நான்காவது, நம்ம எழுத்து செய்த சேட்டை. இது எனக்கே இப்போதுதான் உறைத்தது. வடமொழியில் அது வல்லொலிப் பகரம், 'ரூப்ய'. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இன்றும் அப்படியே. தமிழில் மட்டும் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் பகரம் மெலிந்துவிடும். 'கோபம்' என்பதில் எப்படிச் சொல்கிறோமோ அப்படித்தான் 'ரூபாய்' என்கிறோம். ரஷ்யச் சொல்லிலோ பிறப்பிலேயே மெல்லொலி. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப'. போதாததற்கு ரஷ்யக் குறிலை நாம் 'ரூ' என்று நெடிலாக்கினோம், மெய்க்கூட்டம் வாயில் வராமல் நடுவில் ஒரு இகரம் போட்டோம். உலகத்திலேயே ரூபாயும் ரூபிளும் இவ்வளவு ஒட்டிக் கேட்பது தமிழ்க் காதுக்குத்தானோ என்னவோ! சின்ன வயதில் சோவியத் புத்தகங்களின் தமிழ் மொழிபெயர்ப்பு படித்தவர்களுக்கு இந்த மயக்கம் கூடுதலாகவே இருக்கும். நானும் அந்தக் கூட்டம்தான்.

(ரூபம் என்பதே தமிழ் 'உரு'விலிருந்து போனதா என்று கேட்பீர்கள். அது தனி விவாதம். எப்படி முடிந்தாலும் ரூபிளைத் தொடாது.)

ரஷ்யர்களும் ஏமாறுவார்கள். தச்சரின் இழைப்புளிக்கு ரஷ்யத்தில் 'ருபானக்' என்று பெயர். வெட்டுவது, செதுக்குவது, அதனால் 'ருபீத்' வேர் என்று எவனும் சொல்வான். உண்மையில் அது ஜெர்மானியக் கைவினைஞர்களிடமிருந்து வந்த கடன் சொல், பழகிய வேரின் சாயலுக்கு வளைந்துகொண்டது.

கோபெக்கும் தியேங்கியும்:

ரூபிளில் நூறில் ஒன்று கோபெக். 1535ல், சின்னப் பையனான நான்காம் இவானுக்காக அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா ஆட்சி நடத்தியபோது நாணயச் சீர்திருத்தம் நடந்தது. புதுக் காசில் குதிரை மேல் ஈட்டி பிடித்த வீரன். ஈட்டிக்கு ரஷ்யத்தில் 'கப்யோ', அதிலிருந்து கோபெக் என்பது பரவலான விளக்கம். நாய் என்று பொருள்படும் துருக்கியச் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. படத்தால் காசுக்குப் பெயர் வருவது நமக்குப் புதிதில்லை. பன்றி அவதாரம் பொறித்த பொற்காசு நமக்கு வராகன்.

இதில் ஒரு வேடிக்கை, அப்போதெல்லாம் ரூபிள் என்ற பெயரில் கையில் பிடிக்கும் நாணயம் கிடையாது. அது வெறும் கணக்கு அலகு. 1704ல் முதலாம் பீட்டர் வெள்ளி ரூபிள் நாணயத்தை ஒழுங்காக அடிக்க ஆரம்பித்தார், நூறு கோபெக் ஒரு ரூபிள். நம்ம ரூபாய்க்கு நூறு பைசா வந்தது 1957ல்.

பணத்துக்குப் பொதுவாக ரஷ்யத்தில் 'தியேங்கி' என்பார்கள். இது துருக்கிய, தாத்தார் மக்களிடமிருந்து வாங்கியது. கஜகஸ்தானின் இன்றைய பணமான 'தெங்கே' இதன் சகோதரன். இந்தச் சொல்லுக்கும் தில்லி சுல்தான்களின் வெள்ளி 'டங்கா'வுக்கும், அதன் வழியாக வடமொழி 'டங்க'வுக்கும் உறவு உண்டென்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், துருக்கிய மூலம் சொல்வோரும் இருக்கிறார்கள். வங்கதேசத்து 'டாக்கா' அந்த 'டங்க'தான். இந்தியாவுக்கும் ரஷ்யப் பணத்துக்கும் கடன் உறவு இருந்தால் அது தியேங்கியில் இருக்கலாம், ரூபிளில் இல்லை.

'டங்க' என்றவுடன் சென்னைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கசாலைத் தெரு என்பது தங்கம் விற்ற தெரு இல்லை. நாணயம் அடிக்கும் இடம் 'டங்கசாலை', அது தமிழில் தங்கசாலை ஆனது. பக்கத்திலேயே நகைக் கடைகள் இருப்பதால் நாம் சந்தேகப்படுவதே இல்லை. என் ரூபிள் தவறும் இதே ஜாதிதான்.

நிஜமான உறவுகள் இரண்டு:

திருத்தம் என்றால் வெறும் இழப்பு இல்லை. தோண்டும்போது நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் கிடைத்தன.

ஒன்று, துட்டு. நாம் பேச்சில் சொல்லும் துட்டு, டச்சுக்காரர்களின் 'டௌட்' என்ற செப்புக் காசிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. அந்த டச்சுச் சொல்லுக்குப் பழைய வட ஜெர்மானிய மொழியில் ஓர் உறவு உண்டு, அங்கே அதன் வேர் வெட்டுதல். அதாவது துட்டு என்றாலும் வெட்டுத் துண்டுதான். ரூபிளுக்கும் துட்டுக்கும் ஒலி உறவு துளியும் கிடையாது, ஆனால் நினைப்பு ஒன்று. வெள்ளியையோ செம்பையோ வெட்டி எடுத்துக் கொடுத்த காலத்தின் நினைப்பு.

இரண்டு, கிரிவ்னா. நினைவில் வைக்கச் சொன்னேனே. ரஷ்யத்தில் 'கிரீவா' என்றால் குதிரையின் பிடரி மயிர். கிரிவ்னா என்பது முதலில் கழுத்தில் அணியும் வளையம். அது வெள்ளி எடைக்குப் பெயராகி, பிறகு பணத்துக்குப் பெயரானது. 1996 முதல் உக்ரைனின் பணம் இதே சொல்தான், அவர்கள் உச்சரிப்பில் 'ஹ்ரிவ்னியா'. வடமொழியில் கழுத்துக்கு என்ன பெயர்? 'கிரீவா'! இது காதுக்கு ஒத்துப்போவது மட்டும் இல்லை. எழுத்துக்கு எழுத்து விதிப்படி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, கடன் வாங்கியதும் இல்லை. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூதாதைச் சொல்லின் பிள்ளைகள் என்பது மொழியியலாளர்கள் ஏற்ற விஷயம்.

தமிழில் இந்தச் சொல் வடமொழி வழியாக நம்மிடமும் இருக்கிறது. அழகிய கழுத்துடையவன் சுக்ரீவன். கோயில் விமானத்தில் சிகரத்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதிக்குச் சிற்பிகள் வைத்த பெயர் கிரீவம். வேத காலத்தில் கழுத்தணியைக் குறித்த 'நிஷ்கம்' பின்னால் பொற்காசின் பெயரானது, கிரிவ்னா போன அதே வழி. நம்மூரில் கதை தலைகீழ், காசு கழுத்துக்கு ஏறி காசுமாலை ஆனது.

முடிவுரை:

ரூபிள் என்றால் வெட்டு. ரூபாய் என்றால் உருவம் பொறித்தது. இரண்டும் உறவில்லை. ஒத்துக் கேட்ட சொல் உறவில்லை, 'ஹ்ரிவ்னியா' என்று வேற்று முகம் காட்டிய சொல் சுக்ரீவனுக்குச் சொந்தம். இனி ஒரு சொல்லை இன்னொன்றோடு சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்பது என்று வைத்திருக்கிறேன். எது முதலில் பதிவானது? பின்னோக்கிப் போனால் ஓசை நெருங்குகிறதா, விலகுகிறதா? அந்த மொழிக்குள்ளேயே அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? என் பழைய குறிப்பு மூன்றிலும் தோற்றது.

இதையெல்லாம் அக்கா மகளுக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு, "அப்போ நான் சொன்னது தப்பா மாமா?" என்றாள். "நீ சொன்னது நான் சொன்னதும்மா. தப்பு என்னுது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, பேராசிரியருக்கு இதை அனுப்பலாமா என்று கேட்டாள். தாராளமாக அனுப்பச் சொல்லிவிட்டேன், என் பெயரையும் போட்டு.

நண்பர்களே, அந்தப் பழைய 'உங்களுக்குத் தெரியுமா?' உங்களுக்கும் வந்திருக்கலாம், நீங்களும் யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாம். அப்படியானால் அதே ஆட்களுக்கு இதையும் அனுப்பி விடுங்கள்.